டிபிஎஸ் பொருத்தியாச்சா? புரோகிராமிங்குக்கு நோட்டோடு போங்கள்

அப்பா நாற்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். பார்க்கின்சன் வந்ததும் முதலில் காஜா போட வராமல் போனது. லெவோடோபா மாத்திரை பல வருடம் காப்பாற்றியது. பிறகு இரண்டு மணி நேரத்திலேயே அதன் வேகம் இறங்க ஆரம்பித்ததும், மூளைக்குள் மின்தூண்டல் கொடுக்கும் டிபிஎஸ் கருவியை வைத்தோம். தலைக்குள் இரண்டு பக்கமும் மெல்லிய கம்பிகள், காறை எலும்புக்குக் கீழே பேட்டரி.

அறுவைச் சிகிச்சை பாதி வேலைதான். மின்சாரத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிபார்க்கும் புரோகிராமிங் மீதிப் பாதி. அதில் டாக்டர் உங்களைப் பார்ப்பது அரை மணியோ ஒரு மணியோ. மற்ற நேரமெல்லாம் என்ன நடக்கிறது என்று வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. கருவியை ஆன் செய்வதற்கு முன்பே அப்பாவுக்கு ஒரு வாரம் கை நன்றாக இருந்தது, அப்புறம் நடுக்கம் திரும்பியது. கம்பி நகர்ந்துவிட்டது என்று பயந்து அழுதேன். கம்பி உள்ளே போகும்போது அந்த இடத்தில் ஏற்படும் வீக்கமே தற்காலிகமாகப் பலன் தரும், வீக்கம் வடிந்ததும் அது போய்விடும் என்று பிறகுதான் தெரிந்தது.

சரி, நோட்டு. பார்க்கப் போவதற்கு முந்தைய மூன்று நாள் எழுதினால் போதும். அரை மணிக்கு ஒரு வரி: நேரம், மாத்திரை, சாப்பாடு, நிலை. நிலைக்கு நான்கே சொல்: ஆன், ஆஃப், ஆட்டம், தூக்கம். ஆன் என்றால் மாத்திரை வேலை செய்து உடம்பு நன்றாக அசையும் நேரம். ஆஃப் என்றால் அதன் வேகம் இறங்கி நடுக்கமும் விறைப்பும் திரும்பும் நேரம். ஆட்டம் என்றால் மருந்து அதிகமாகி உடம்பு தானாக நெளிவது. அதை நடுக்கம் என்று எழுதிவிட்டால் டாக்டர் கூட்டவேண்டியதா குறைக்கவேண்டியதா என்பதே மாறிவிடும். சாப்பாட்டை ஏன் எழுத வேண்டும்? பருப்பு, முட்டை போன்ற புரதத்தோடு சேர்ந்தால் லெவோடோபா சரியாக ஏறாது. மாத்திரையின் குறையைக் கருவியின் குறை என்று நினைத்துவிடக் கூடாது.

காலை மாத்திரைக்கு முன்னால் செல்போனில் வீடியோ எடுங்கள். தினமும் அதே நாற்காலி, அதே வேலைகள்: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பத்து விநாடி தட்டுவது, எழுந்து நடந்து திரும்புவது. அப்பாவுக்கு நான் ஊசியில் நூல் கோர்ப்பதையும் சேர்த்தேன். நூலின் முனை ஊசிக்கண்ணுக்குப் பக்கத்தில் நின்று துடிக்கிறதா, நேராகப் போகிறதா என்று பார்த்தாலே எனக்கு விளங்கிவிடும்.

1987-ல் பிரான்ஸின் கிரெனோபிளில் மூளை அறுவைச் சிகிச்சை டாக்டர் அலிம் லூயி பெனாபிட், அதிவேக மின்தூண்டல் நடுக்கத்தை அடக்குவதைக் கண்டார். இன்றும் பலருக்கு 130 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 130 துடிப்பு என்ற அளவில்தான் தொடங்குகிறார்கள். கம்பி நுனியில் பல முனைகள் உண்டு. ஒவ்வொரு முனையிலும் மின்சாரத்தின் அளவை (மில்லியாம்பியர்) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பார்கள். ஊசி குத்துவது போன்ற கூச்சம், முகம் இழுப்பது, பேச்சு குழறுவது, கண் ஒருமாதிரி இருப்பது, எது தெரிந்தாலும் அந்த நொடியே சொல்லுங்கள். அப்பா நாக்கு தடித்தது போலிருந்ததை 'சின்ன விஷயம்தானே' என்று சொல்லாமல் விட்டார். அடுத்த தடவை போகும்வரை போனில் அவர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. இப்போது போகும்போதெல்லாம் ஒரு செய்தித்தாள் பத்தியை வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறேன்.

நடுக்கமும் விறைப்பும் விநாடிகளில், நிமிடங்களில் மாறும். நடை மாற நாள் கணக்கு ஆகும். அதனால் வெளியே வந்ததும் 'பிரயோஜனமில்லை' என்று முடிவுகட்டாதீர்கள். மாத்திரை போட்டும் சரியாகாத கால் உறைதல் (நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல் நின்றுவிடுவது), மறதி இவற்றுக்கு டிபிஎஸ் பெரிதாக உதவாது. கோபம், மனச்சோர்வு, திடீரென்று கண்டபடி செலவு செய்வது தெரிந்தால் அதையும் எழுதுங்கள். நோயாளிக்கே அது பல சமயம் தெரியாது, கூட இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

மூளையின் அலைகளைப் பதிவு செய்யும் கருவிகளும் வந்துவிட்டன. பார்க்கின்சனில் 13 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையிலான பீட்டா அலைகள் பலருக்கும் தூக்கலாக இருக்கும். அவற்றைப் பார்த்துத் தானே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் முறைக்கு 2025-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த வரைபடத்துக்குப் பக்கத்திலும் வைத்துப் பார்க்க உங்கள் நோட்டு வேண்டும்: அலை ஏறிய அந்த 4 மணிக்கு அவர் நடக்க முடியாமல் நின்றாரா, தூங்கினாரா?

கருவியின் அடையாள அட்டை எப்போதும் பர்ஸில் இருக்கட்டும். எம்ஆர்ஐ என்றால் முதலில் அதைக் காட்டுங்கள். பிசியோதெரபியில் டயதெர்மி சூடு வைக்க வந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். கம்பி வழியே சூடு ஏறி மூளைத் திசு வெந்துபோகலாம்.