டிக் மெசினுக்கு மாற்று டோர்ச்

கிளிநொச்சியில் என் வீட்டுக் கொட்டிலில் நிற்பது சின்ன டிக் மெசின், டங்ஸ்டன் முனையில் மின்பொறி எழுப்பி, ஆர்கன் வாயுவின் காப்பில் உலோகம் ஒட்டும் வெல்டிங் மெசின். வாயுவைத் திறந்து மூடும் வால்வு உள்ளே இல்லை. கையில் பிடித்து ஒட்டும் பழைய டோர்ச்சின் வாயுக் குழாய் வெயிலில் வெடித்து ஆர்கன் கசிய, ஒட்டெல்லாம் கறுத்துத் துளை துளையாக வந்தது.

கடையில் 26ஆம் இலக்க டோர்ச்சை நீட்டினார்கள். 200 அம்பியர் தாங்கும், ஆனால் கை உளையும். நான் ஒட்டுவது மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய். 100 அம்பியரைத் தாண்டுவதே அரிது. 150 தாங்கும் 17 தாராளம், அதிலும் தலையிலேயே வால்வு உள்ள 17வி. 26இன் கொலெட் (டங்ஸ்டனைக் கவ்வும் பிடி), பீங்கான் மூக்கு இதற்கும் பொருந்தும். 9ஆம் இலக்கம் இன்னும் இலகு, உதிரிகள்தான் வேறு. மெசினில் மாட்டும் செருகியின் முனை 9 மில்லிமீற்றரா, 13ஆ என்று அளந்துகொண்டு போங்கள்.

ஒட்டி முடிந்ததும், டங்ஸ்டன் ஆறட்டும் என்று வால்வைச் சில விநாடி திறந்தே விடுகிறேன். ஆர்கன் விலைக்கு மனம் பதறும்தான். சரி, கறுத்த டங்ஸ்டனைத் திரும்பத் தீட்டுவதைவிட இது மேல்.