பழைய பவர் பிரஸ் வாங்கப் போகிறவர்களுக்கு

தகடு வெட்டும், வளைக்கும் பழைய பிரஸ் பார்க்கப் போனால் விற்பவர் முதலில் அது எத்தனை டன் பலம் என்பதைத்தான் சொல்வார். அதோடு பாடிக்கு புது பெயிண்ட் வேறு. அதையெல்லாம் விட்டுவிட்டு ஃப்ளைவீலிலிருந்து (பலத்தைச் சேர்த்து வைக்கும் கனமான சக்கரம்) ராம் வரை (மேலும் கீழும் போய் அடிக்கும் பாகம்) என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

டன் கணக்கு ராம் அடியில் வந்து முடியும் இடத்துக்குத்தான். 63 டன் பிரஸ், 80 மி.மீ. ஸ்ட்ரோக் (ராம் மேலிருந்து கீழ் வரை போகும் தூரம்), கிராங்க் (ராமை ஏற்றி இறக்கும் வளைந்த தண்டு) கீழே வர 30 பாகை இருக்கும்போது முழு பலம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஐந்து மி.மீ. சொச்சத்தில்தான் அந்த 63. பாதி வழியில் ஏறத்தாழ அதில் பாதிதான் தேறும். 2 மி.மீ. மைல்டு ஸ்டீலில் 100 மி.மீ. வட்டம் வெட்ட சுமார் 22 டன் போதும், அதுவும் அடியில் முடிகிற வேலை. தகட்டைக் கிண்ணம் போல இழுத்து ஆழமாக்குவதென்றால் பலம் மேலேயே வேண்டும். அங்கே ஃப்ளைவீல் திணறும்.

சரி, கீ கிளட்ச் பிரஸ் (ஃப்ளைவீலை கிராங்க் ஷாஃப்டோடு கீ என்ற இரும்புத் துண்டு பிணைக்கும் வகை) என்றால் இனிதான் முக்கியமான சோதனை. டையை (தகட்டை வெட்டும் அச்சை) கழற்றச் சொல்லுங்கள். சிங்கிள் ஸ்ட்ரோக்கில் வைத்து பெடலை மிதித்தபடியே நில்லுங்கள். ராம் ஒரே ஒரு முறை இறங்கி ஏறி மேலே நிற்க வேண்டும். இரண்டாவது முறை இறங்கினால் அது டபுள் அடி. கீ முனை மழுங்கியிருக்கும், ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், இல்லை சிங்கிள் ஸ்ட்ரோக் அமைப்பே தேய்ந்திருக்கும். இப்படி விரல் போகலாம். நிற்கும் இடத்தைத் தாண்டி ராம் வழுக்கினால் பிரேக்கைப் பாருங்கள்: லைனிங் தேய்ந்திருக்கும் அல்லது எண்ணெய் குடித்திருக்கும்.

அப்புறம் மெயினை அணைத்து, ஃப்ளைவீல் முழுதாக நின்ற பிறகு கீயை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். விளிம்பை நகத்தால் தடவினால் கூர்மை தெரிய வேண்டும். வெல்டிங் வைத்து ராவிய கீ என்றால் புதிது போட்டே ஆக வேண்டும்.

கீ கிளட்ச் பிடித்துவிட்டால் ஒரு சுற்று முடியாமல் நிற்காது. முன்னால் லைட் கர்ட்டன் (கை குறுக்கே வந்தால் பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லும் ஒளித்திரை) மாட்டித் தருகிறேன் என்பவரிடம் இதைக் கேளுங்கள், பதில் வராது. பாதியில் நிறுத்த, காற்றழுத்தத்தில் இயங்கும் ஏர் கிளட்ச் வேண்டும்; பணம் இருந்தால் அதையே வாங்குங்கள் என்பேன். கீ கிளட்ச்தான் முடியும் என்றால் டைக்கு முன்னால் கை நுழையாத கூண்டு போடாமல் ஓட்டாதீர்கள்.

கீ, ஸ்பிரிங், லைனிங் செலவை விலையில் கழித்துக் கேட்கலாம். கிராங்க் ஷாஃப்டில் கீ உட்காரும் பள்ளமே அகன்றிருந்தால் பேரம் பேசாமல் வந்துவிடுங்கள்.