நிறுத்தச் சொன்னாலும் நிற்காத டாஸ்க்குகள்

புதிதாக ஹாஸ்கெல் மொழியில் புரோகிராம் எழுதுபவர்களின் கோட்களை ரிவ்யூ செய்யும்போதெல்லாம், நாங்கள் ஒரு காலத்தில் விழுந்த அதே குழிகள் கண்ணில் படுகின்றன. டைப் பிழைகளைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். கம்பைலர் வாயே திறக்காத தவறுகள் மட்டும் இங்கே.

கண்ணில் பட்ட எக்ஸெப்ஷனை எல்லாம் பிடிப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். நெட்வொர்க் அழைப்பு தோற்றால் திரும்ப முயலும் லூப். எது வந்தாலும் சமாளிப்போம் என்று, எந்த எக்ஸெப்ஷனுக்கும் (ஓடும்போது எறியப்படும் பிழை அறிவிப்பு) பொருந்தும் சம்எக்ஸெப்ஷனைப் பிடித்து, லாகில் ஒரு வரி போட்டுவிட்டு, மறுபடி ஓடவிடுவார்கள். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். ஆனால் ஹாஸ்கெலில் ஒரு டாஸ்க்கை ரத்து செய்வதென்றால், அது ஓடும் த்ரெட் மீது வெளியிலிருந்து ஓர் எக்ஸெப்ஷனை எறிவதுதான். சம்எக்ஸெப்ஷனைப் பிடித்தால் அதுவும் வலையில் சிக்கிவிடும். டைம்அவுட் ஃபங்ஷனும் இதே வழியில்தான் இயங்குகிறது, அதுவும் போச்சு.

சர்வர் ஷட்டவுன் ஆகாமல் தொங்குகிறது என்று ஒருமுறை கூப்பிட்டார்கள். லாகில் இருந்தது: "பிழை: அசிங்க்கேன்சல்ட். மீண்டும் முயல்கிறோம்." ரத்து செய்ய எறிந்த எக்ஸெப்ஷனையே லூப் சாதாரணப் பிழையாக எடுத்துக்கொண்டது. எதிர்முனை செத்துக் கிடந்ததால் லூப் முடிகிற வழியாக இல்லை. போதாததற்கு, அசிங்க் லைப்ரரியின் கேன்சல் ஃபங்ஷன், எக்ஸெப்ஷனை எறிந்த கையோடு திரும்பாது, அந்த த்ரெட் முடியும்வரை காத்திருக்கும். ஆக, நிறுத்தச் சொல்லிவிட்டுக் காத்திருந்த த்ரெட்டும் சேர்ந்து தொங்கியது.

கேட்ச் ஹேண்ட்லருக்குள்ளிருந்தே (எக்ஸெப்ஷனைப் பிடித்ததும் ஓடும் பகுதி) லூப்பை அழைத்திருந்தால் இன்னும் மோசம். ஹேண்ட்லர் ஓடும்போது மாஸ்க் போடப்பட்டிருக்கும், அதாவது வெளியிலிருந்து எறியப்படும் எக்ஸெப்ஷன்கள் வாசலிலேயே காத்திருக்கும். இரண்டாவது முயற்சி முழுக்க மாஸ்க்குக்குள்தான் ஓடும்; எங்காவது பிளாக் ஆகி நின்றால்தான் ரத்து உள்ளே வரும். அதற்குப் பதில் ட்ரை போட்டு, விடையை வெளியே எடுத்துப் பார்த்து, அங்கிருந்து திரும்ப முயலுங்கள். ஐஓஎக்ஸெப்ஷனை (ஃபைல், நெட்வொர்க் போன்றவற்றின் பிழை) மட்டும் பிடித்தால் பெரும்பாலும் போதும். பொதுவாகப் பிடித்தே ஆக வேண்டுமென்றால் அன்லிஃப்ட்ஐஓ லைப்ரரியின் கேட்ச்எனி இருக்கிறது. ரத்தை அது தொடாது.

திறப்பதும் மூடுவதும்

ஃபைலோ கனெக்ஷனோ, எதைத் திறந்தாலும் பிராக்கெட்; நடுவில் எக்ஸெப்ஷன் வந்தாலும் அது மூடிவிடும். வேறு பேச்சில்லை.

பயத்தில் எல்லாவற்றுக்கும் மாஸ்க்

பிளாக் ஆகி நின்றாலும் ரத்தை உள்ளே விடாத அன்இன்டரப்டிபிள்மாஸ்க்குக்குள் நெட்வொர்க் அழைப்பை வைத்தவருக்கு டைம்அவுட் எதற்கு?

ஸ்காலா ஃபியூச்சர்

மற்ற மொழிகளிலும் ரத்து தலைவலிதான். ஸ்காலா மொழியில் பின்னால் ஓடும் வேலையின் விடையைக் குறிப்பது ஃபியூச்சர்; ரத்து செய்யும் வசதியே அதில் கிடையாது. விடைக்காகக் காத்திருக்கும் அவெய்ட் டைம்அவுட் ஆனால் காத்திருந்தவர்தான் கிளம்புகிறார். வேலை பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எஃப் ஷார்ப்

இந்த மொழியில் அசிங்க் பிளாக் கேன்சலேஷன் டோக்கனை (ரத்தைத் தெரிவிக்கும் அடையாளம்) தானே உள்ளே கடத்தும், டாஸ்க் பிளாக் கடத்தாது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றி எழுதும்போது ஒவ்வொரு அழைப்புக்கும் டோக்கனைக் கையால் கொடுங்கள்.