"நம்ம காலேஜில் திருட என்ன சார் இருக்கு?"

போன அட்மிஷன் சமயத்தில் கும்பகோணம் பக்கம் ஒரு கல்லூரி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கல்லூரிப் பெயரைக் கூகுளில் போட்டால் ரம்மி, கிரிக்கெட் பந்தயம் என்று வருகிறது என ஒரு பெற்றோர் போன் செய்திருந்தார். கண்காணிப்பாளர் தளத்தின் முகவரியை நேராக அடித்துப் பார்த்தார். முதல்வர் படம், கட்டண விவரம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. "நல்லாத்தானே இருக்கு?" என்றார். என் போனில் கூகுள் வழியாக அதே தளத்துக்குள் போய்க் காட்டினேன். அது நேரே ஒரு பந்தய ஆப்பில் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்போது அவர் கேட்ட கேள்விதான் மேலே இருக்கிறது. மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் இதே கேள்வி என் காதில் விழுந்திருக்கிறது. முதல் தவறு இந்த நினைப்புதான். நம் கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக வந்தவனுக்கு என்ன வேண்டும் என்று தெரியாவிட்டால் எந்தக் கதவைப் பூட்டுவது என்றும் தெரியாது.

அந்தக் கல்லூரியில் அவன் எடுத்தது நல்ல பெயரை. கல்வி நிறுவனங்களின் முகவரிக்குத் தேடுபொறியில் ஒரு மதிப்பு உண்டு. சூதாட்ட விளம்பரக்காரனுக்கு அது இலவச மூலதனம். நேராக வருபவருக்கு ஒன்றும் தெரியாதபடி, கூகுள் வழியாக வருபவரை மட்டும் திருப்பிவிடுவது, நிர்வாகம் கண்டுபிடிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டத்தான். இதில் எல்லோரும் செய்யும் தவறு, ரம்மிப் பக்கங்களை மட்டும் அழித்துவிட்டுக் கையைக் கழுவுவது. வயலில் தண்ணீர் நிற்கவில்லை என்றால் வரப்பில் நண்டு வளை எங்கே என்றுதானே முதலில் தேடுவோம்? இங்கே வளை, தளத்தைச் செய்து கொடுத்துவிட்டு எப்போதோ வேலையை விட்டுப் போனவரின் அட்மின் கணக்கு. அது அப்படியே உயிரோடு கிடந்தது, பழைய பாஸ்வேர்டோடு.

அடுத்தது மாணவர் விவரம். எனக்கு மனம் அதிகம் பதறுவது இதில்தான். உதவித்தொகைக்காக ஆதார், வங்கிப் பாஸ்புக், வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, துறைக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, லிங்க்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். லிங்க் இருந்தால் யாரும் திறக்கலாம். "மார்க் லிஸ்ட்தானே, போனால் போகட்டும்" என்பது தவறான கணக்கு. திருக்காட்டுப்பள்ளியில் ஒரு அம்மாவுக்குப் போன் வருகிறது என்று வையுங்கள். மகள் பெயர், துறை, பதிவு எண் எல்லாம் சரியாகச் சொல்லி, "ஸ்காலர்ஷிப் ஏற வேண்டும், ஓடிபி சொல்லுங்கம்மா" என்கிறான். அவர் எப்படிச் சந்தேகப்படுவார்? அவன் குறி வைக்கும் கணக்கும் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிற கணக்காகத்தான் இருக்கும்.

பணம் கேட்டு மிரட்டுபவன் வேறு ரகம். கோப்புகளைப் பூட்டிவிட்டு விலை பேசுவான். அவன் நாள் பார்த்து வருகிறான். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தை 2019 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு முடக்கினார்கள். 30 பிட்காயின் கொடுத்துத்தான் மீண்டார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தை 2022இல், அங்கே செப்டம்பரில் வரும் தொழிலாளர் தின விடுமுறையில் தாக்கினார்கள். நமக்கு அது பொங்கல் விடுமுறையாக இருக்கலாம், ஹால் டிக்கெட் கொடுக்கும் வாரமாக இருக்கலாம். ஆகவே விடுமுறைக்கு முன்பு எல்லாக் கோப்புகளுக்கும் ஒரு நகல் (பேக்கப்) எடுத்து, அதைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றித் தனியாக வையுங்கள். சொருகியபடியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்துதான் பூட்டப்படும். பணத்தைக் கொடுத்தால் தீர்ந்தது என்றும் நம்ப வேண்டாம். பள்ளிகளுக்கு மென்பொருள் தரும் பவர்ஸ்கூல் நிறுவனத்தில் 2024 டிசம்பரில் விவரங்கள் திருடுபோயின. நிறுவனம் பணம் கொடுத்தது. விவரங்களை அழித்துவிட்டதாகத் திருடியவர்கள் வீடியோகூடக் காட்டினார்கள். 2025 மே மாதம் அதே விவரங்களை வைத்துப் பள்ளிகளுக்கே நேராக மிரட்டல் வந்தது.

பவர்ஸ்கூல் திருட்டைச் செய்ததாக ஒப்புக்கொண்டவர் 19 வயதுக் கல்லூரி மாணவர். இங்கேதான் இன்னொரு தவறு: எதிரி எப்போதும் ரஷ்யாவிலோ சீனாவிலோ இருக்கிறான் என்று நினைப்பது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம், பள்ளி கல்லூரிகளுக்கு உள்ளிருந்தே நடந்த 215 தகவல் பாதுகாப்பு மீறல்களை ஆராய்ந்து 2025இல் வெளியிட்டது. 57 சதவீதத்தைச் செய்தவர்கள் மாணவர்கள். சவால், பழிவாங்கல், பெயர் வாங்கும் ஆசை, பணம் என்று பல காரணங்கள். வருகைப் பதிவு 75 சதவீதத்தைத் தொடாத பையன் ஆசிரியரின் பாஸ்வேர்டைத் தேடுவதற்கு திருட்டு விவரங்கள் விலைபோகும் டார்க் வெப் வேண்டாம். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறோமே, அது போதும். அவன் அகப்பட்டால் உடனே டிசி கொடுப்பதையும் நான் ஏற்கமாட்டேன். எப்படி நுழைந்தாய் என்று உட்கார வைத்துக் கேளுங்கள். நமக்குத் தெரியாத ஓட்டை அவனுக்குத் தெரியும்.

ஆய்வைத் தேடி வருபவர்களும் உண்டு. 2018இல் அமெரிக்க நீதித்துறை ஒன்பது ஈரானியர்கள் மீது வழக்குப் போட்டது. 300க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களிலிருந்து 31 டெராபைட் அளவுக்கு ஆய்வு விவரங்களைத் திருடியதாகக் குற்றச்சாட்டு. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சியும் தஞ்சாவூரில் உணவு ஆராய்ச்சியும் நடக்கிற மண் இது. நூலகக் கணக்கு காலாவதியாகிறது என்று பேராசிரியருக்கு மின்னஞ்சல் வந்தால், அது பாஸ்வேர்டைப் பறிக்கும் தூண்டிலாக இருக்கலாம்; லிங்க்கைத் தொடாமல் நூலகத்துக்கு ஒரு போன் போடுவது நல்லது.

கடைசியாக, பதறிப்போய் கம்ப்யூட்டரை உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். யார், எதற்காக வந்தார் என்ற தடயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. நெட் கேபிளைப் பிடுங்குங்கள், திரையைப் படம் எடுங்கள், யார் எப்போது நுழைந்தார் என்று பதிவாகும் லாக் கோப்புகளைத் தனியே எடுத்து வையுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் போட்ட உத்தரவுப்படி, கவனித்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். யாருடைய பணமாவது போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். அப்புறம், காலேஜ் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்காமல், அன்று சாயங்காலமே பெற்றோர் எல்லோருக்கும் தமிழில் ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்: "உதவித்தொகைக்காகக் கல்லூரியிலிருந்து யாரும் ஓடிபி கேட்க மாட்டார்கள். கேட்டால் போனை வைத்துவிட்டு அலுவலகத்துக்கு அழையுங்கள்."