டாக்டரிடம் போவது வேறு, ஆபீசில் சொல்வது வேறு

மனச்சோர்வுக்காக மனநல மருத்துவரிடம் ஒருமுறை போய்விட்டால் அது எங்கோ பதிவாகிவிடும், நாளைக்கு ஒரு இன்டர்வியூவில் யாராவது தோண்டி எடுப்பார்கள் என்று பயந்தே எட்டு மாதம் ஓட்டினேன். அந்த எட்டு மாதத்தில் என் வேலையைக் கெடுத்தது எது என்று இப்போது கணக்குப் பார்த்தால், பதில் போடாமல் குவிந்த மின்னஞ்சல்கள், மூன்று முறை தள்ளிப்போன ஒரு சின்ன அறிக்கை, எழுந்திருக்க முடியாமல் காய்ச்சல் என்று சொல்லிப் போட்ட லீவுகள். டாக்டரின் ஃபைல் எதையும் கெடுக்கவில்லை, அப்போது ஃபைலே கிடையாதே.

அதனால் முதலில் முடிச்சைப் பிரியுங்கள். சிகிச்சைக்குப் போவது ஒரு முடிவு, ஆபீசில் சொல்வது இன்னொரு முடிவு. முதலாவதை இந்த வாரமே எடுக்கலாம். இரண்டாவதை ஆறு மாதம் கழித்து எடுக்கலாம், எடுக்காமலேயே விட்டாலும் சரி.

(நடுவில் ஒன்று: செத்துவிடலாம் என்ற நினைப்பு வருகிறது, அதிலும் எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறது என்றால் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு, யாரையாவது கூட அழைத்துக்கொண்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது உங்கள் ஊர் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.)

சைக்கியாட்ரிஸ்ட் என்ற போர்டைப் பார்த்தாலே கால் பின்வாங்குகிறது என்றால், வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமே தொடங்கலாம். தைராய்டு குறைவோ ரத்தசோகையோ இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார். மனச்சோர்வு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கும் பிஎச்கியூ-9 என்ற கேள்வித்தாளையும் நீட்டலாம். 9 கேள்விகள், கடந்த 2 வாரங்களைப் பற்றியவை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் விரிவாக விசாரிப்பார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் "ஒண்ணுமில்லை டாக்டர், கொஞ்சம் டென்ஷன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும், எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. அதனால் தூக்கம், பசி, வேலையில் எங்கே தடுமாறுகிறீர்கள் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், பேச வராவிட்டால் தாளை நீட்டிவிடுங்கள். வேலை பற்றிய பயத்தையும் அதிலேயே எழுதுங்கள். நீங்கள் வண்டி ஓட்டுபவரா, அதிகாலை ஷிப்ட்டா என்பது தெரிந்தால் வேலை நேரத்தில் தூக்கக் கலக்கம் தராத மருந்தாகப் பார்த்துக் கொடுக்க முடியும்.

மாத்திரை கொடுத்தால், பலன் தெரிய 2 முதல் 6 வாரம் பிடிக்கும், ஆனால் குமட்டல், தூக்கக் குழப்பம் போன்ற தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். இந்த இடைவெளியில்தான் நிறைய பேர் கைவிடுகிறார்கள். ஒரு பெரிய பிரசன்டேஷனுக்கு முந்தைய நாள் புது மாத்திரை தொடங்காதீர்கள், வெள்ளிக்கிழமை இரவு தொடங்கலாமா என்று கேளுங்கள். தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. தேறிய பிறகும் பொதுவாக 6 மாதமாவது தொடரச் சொல்வார்கள், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். இளம் வயதினருக்கு முதல் சில வாரங்களில் சாவு நினைப்பு கூடினால் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

ரகசியத்துக்கு வருவோம். உங்கள் முதலாளி கேட்டார் என்பதற்காக டாக்டர் உங்கள் விவரத்தைக் கொடுக்க முடியாது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றை முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விஷயம் பெரும்பாலும் கசிவது நம் கையால்தான்: ஆபீஸ் மின்னஞ்சலில் அப்பாயின்ட்மென்ட், எல்லோரும் பார்க்கும் காலண்டரில் கிளினிக் பெயர். சொந்த போனையே பயன்படுத்துங்கள். கம்பெனி இன்சூரன்ஸில் கிளெய்ம் போடுவதற்கு முன் முதலாளிக்கு என்னென்ன விவரம் போகும் என்று இன்சூரன்ஸ்காரர்களிடமே கேட்டுவிடுங்கள்.

ஆபீசில் எப்போது சொல்வது? நீண்ட லீவோ நேர மாற்றமோ தேவைப்படும்போது. உங்கள் நாட்டில் சட்டப் பாதுகாப்பு இருந்தாலும், சலுகை வேண்டுமென்றால் ஓரளவாவது சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போதும் முழுக் கதை வேண்டாம். "ஒரு உடல்நலப் பிரச்சினைக்குச் சிகிச்சை எடுக்கிறேன், இரண்டு மாதத்துக்குக் காலை பத்து மணிக்கு வரலாமா" என்று குறிப்பாகக் கேட்டால் மேலாளருக்கும் பதில் சொல்வது சுலபம். சர்டிபிகேட்டில் நோயின் பெயர் இல்லாமல் எழுத முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

இன்டர்வியூவில் நீங்களாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் உடல்நலம் பற்றிக் கேட்பதற்கே சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. விமானி, ராணுவம், போலீஸ் போன்ற வேலைகள் வேறு: அங்கே மருத்துவப் படிவத்தில் நேராகக் கேட்பார்கள், மறைத்து எழுதினால் நோயைவிடப் பொய்தான் வேலைக்கு உலை வைக்கும். அங்கேயும் கதவு முழுதாக அடைபடவில்லை, 2010 முதல் அமெரிக்காவில் சில மனச்சோர்வு மாத்திரைகளை எடுத்துக்கொண்டே விமானம் ஓட்டச் சிறப்பு அனுமதி பெற முடிகிறது.

களங்கமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1972இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன், மனச்சோர்வுக்கு முன்பு மருத்துவமனையில் இருந்தது வெளியே தெரிந்ததால், வேட்பாளரான 18 நாளிலேயே விலக வேண்டியதாயிற்று. ஆனால் செனட்டராக 1987 வரை நீடித்தார். நார்வே பிரதமர் போன்டெவிக் 1998இல் மனச்சோர்வுக்காக லீவு என்று வெளிப்படையாக அறிவித்து, மூன்று வாரத்துக்குச் சற்று அதிகமாக ஓய்வெடுத்துத் திரும்பினார். இடையில் பதவி போனாலும், 2001இல் மறுபடி பிரதமரானார். ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும், அதனால்தான் யாரிடம் சொல்வது என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்கிறேன். வீட்டில் ஒருவர், நண்பர் ஒருவர் போதும்.

லீவு முடிந்து போனதும் யாராவது "எங்கே ஆளையே காணோம்" என்பார்கள். "உடம்பு சரியில்லை, இப்போது தேவலை" என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. உடனே "நான் இல்லாதப்போ என்னென்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டால் பேச்சு தானாக ஆபீஸ் கதைக்குப் போய்விடும்.