ரெட்வுட் காட்டில் குறுநடை: ஆற்றோரச் சமதரையைத் தேர்ந்தெடுக்கும் முறை

கலிபோர்னியாவின் வடக்குக் கடலோரத்தில் எஞ்சி நிற்கும் முதிர்ந்த ரெட்வுட் காடுகளைக் காணச் செல்பவர்களில் பலர், பெரிய மரங்களைப் பார்க்க வேண்டுமானால் நெடுந்தூரம் மலையேற வேண்டும் என்று எண்ணி, முழங்கால் வலியுள்ள பெற்றோரையும் சிறு குழந்தைகளையும் விடுதியிலேயே விட்டுச் செல்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. உலகின் மிக உயரமான இந்த மர இனத்தில் மிகப் பெரியவை பெரும்பாலும் ஆற்றங்கரையை ஒட்டிய சமதரையிலேயே வளர்கின்றன. ஆகவே ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள மேடுபள்ளமற்ற பாதையில் நடப்பவர், பத்துக் கிலோமீட்டர் ஏறி இறங்குபவரைவிடப் பெரிய மரங்களைக் காண்பது இங்கே இயல்பானது.

இதற்கான காரணம் மண்ணில் இருக்கிறது. வெள்ளம் பெருகும்போது ஆறு கொண்டுவரும் வண்டல், கரையோர மரங்களின் அடிப்பகுதியை மூடிவிடுகிறது. அவ்வாறு வேர்கள் புதையுண்டால் வேறு பல மரங்கள் மூச்சுமுட்டி மடிந்துவிடும். ரெட்வுட் மரமோ புதிதாகப் படிந்த வண்டலுக்குள் புதிய வேர்களை விட்டு, முன்னிலும் செழிப்பாக வளர்கிறது. மீண்டும் மீண்டும் வரும் வெள்ளம் புதர்களை அகற்றிவிடுவதால், இத்தகைய தோப்புகளில் மரங்களுக்கிடையே நெடுந்தொலைவு பார்வை செல்லும். அடிமரம் முதல் கிளை தொடங்கும் உயரம் வரை முழுமையாகக் காணலாம். எனவே வரைபடத்தைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கும்போது, முதலில் ஆறோ ஓடையோ வளைந்து செல்லும் தாழ்நிலத்தைத் தேடுங்கள். பாதையின் நீளத்தை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

முதன்முறை செல்பவருக்கு நான் பரிந்துரைப்பது ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காதான். நெடுஞ்சாலை 101க்கு இணையாக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓடும் ‘அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ்’ சாலை, காரில் இருந்தபடியே காட்டைக் காட்டும். ஆனால் அத்துடன் திரும்பிவிடக் கூடாது. அச்சாலையை ஒட்டியே ஃபவுண்டர்ஸ் தோப்பு இருக்கிறது. ரெட்வுட் காடுகளைக் காக்க 1918இல் தொடங்கப்பட்ட ‘சேவ் த ரெட்வுட்ஸ் லீக்’ அமைப்பின் நிறுவனர்களைப் போற்றும் இத்தோப்பின் சுற்றுப்பாதை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். அதில் ஏற்றமே இல்லை. இங்கே 1991 மார்ச் மாதத்தில் சாய்ந்த டயர்வில் ஜயன்ட் என்னும் மரம், விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. நின்றபோது அதன் உயரம் சுமார் 110 மீட்டர். நிமிர்ந்து நிற்கும் மரத்தின் உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். கிடக்கும் மரத்தின் வேர்முனையில் தொடங்கி, பாதை அனுமதிக்கும் வரை அதன் பக்கவாட்டில் நடந்து பார்த்தால்தான் அந்த அளவு மனத்தில் பதியும். பெயர்ந்து நிற்கும் வேர்த்தொகுதியையும் சற்று நின்று கவனியுங்கள். இவ்வளவு உயரமான மரத்துக்கு ஆணிவேர் இல்லை. வேர்கள் சில மீட்டர் ஆழத்துக்கே இறங்கி, பக்கவாட்டில் 30 மீட்டர் வரை பரந்து, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன.

அங்கிருந்து மட்டோல் சாலையில் சற்றுத் தூரம் சென்றால், புல் கிரீக் ஓடையோரத்தில் ராக்கஃபெல்லர் காடு வரும். 10,000 ஏக்கர் பரப்புள்ள இதுவே இன்று தொடர்ச்சியாக எஞ்சியிருக்கும் முதிர்ந்த கடலோர ரெட்வுட் காடுகளில் மிகப் பெரியது. இந்த இனம் பரவியிருந்த சுமார் 20 லட்சம் ஏக்கர் முதிர்ந்த காட்டில், மரவெட்டுக்குத் தப்பியது ஏறக்குறைய 5 விழுக்காடு மட்டுமே என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஓடைக்கரை எவ்வளவு அரியது என்பது விளங்கும். இங்குள்ள ராக்கஃபெல்லர் சுற்றுப்பாதையும் குறுகியதே; ஃபவுண்டர்ஸ் தோப்பைவிடக் கூட்டம் குறைவாக இருப்பதால், இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே நேரம் இருப்பவர் இதையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னும் வடக்கே, ஒரிகன் எல்லைக்கு அருகில், ஜெடடயா ஸ்மித் மாநிலப் பூங்காவில் ஸ்டவுட் தோப்பு இருக்கிறது. ஆற்றோரத் தோப்பின் இலக்கணத்தை ஒரே இடத்தில் காண விரும்புகிறவர், எவ்வளவு தொலைவானாலும் இங்கே சென்றாக வேண்டும். ஸ்மித் ஆற்றின் வெள்ளம் புதர்களை நீக்கிவிடுவதால் தரையெங்கும் வாள்பெரணி மட்டுமே விரிந்திருக்க, அதற்கு மேல் மரங்கள் நேராக எழுகின்றன. பிற்பகலின் பிந்திய வேளையில் சாய்ந்த ஒளி அடிமரங்களுக்கிடையே உள்ளே வரும் என்பதால், அந்நேரத்துக்குச் செல்வது நல்லது. வாகன நிறுத்தத்திலிருந்து ஒரு சிறு சரிவில் இறங்க வேண்டும். அதன்பின் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சமதரைச் சுற்று. கிரசென்ட் சிட்டியிலிருந்து அங்கே செல்லும் ஹௌலண்ட் ஹில் சாலை குறுகிய மண்சாலை என்பதால், பெரிய வாகனங்களும் இழுவை வண்டிகளும் அதற்கு ஏற்றவையல்ல. அச்சாலையில் செல்லத் தயங்குபவருக்கு, நெடுஞ்சாலை 199ஐ ஒட்டியே உள்ள சிம்ப்சன் ரீட் தோப்பு நல்ல மாற்று; அதன் பாதை சமமாகவும் இறுகியும் இருக்கிறது.

இவ்விரு பூங்காக்களுக்கும் இடையே பிரெய்ரி கிரீக் பூங்கா உள்ளது. சுமார் 87 மீட்டர் உயரமுள்ள பிக் ட்ரீ, நியூட்டன் பி. ட்ரூரி சாலையிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிறது. அதிகம் நடக்க இயலாதவரை அழைத்து வந்தால் இங்கே கொண்டுவாருங்கள். அப்பகுதிப் புல்வெளிகளில் மேயும் ரூஸ்வெல்ட் எல்க் மான்கள் அமைதியாகத் தோன்றினாலும், குறைந்தது 25 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். கன்று ஈனும் காலத்திலும் இணைசேரும் இலையுதிர் காலத்திலும் அவை பாயக்கூடும்.

தாழ்நில விதிக்கு மாறாக ஒரு மேட்டுநிலத் தோப்பையும் குறிப்பிட வேண்டும். 1969இல் அர்ப்பணிக்கப்பட்ட லேடி பேர்ட் ஜான்சன் தோப்பு, கடல்மட்டத்திலிருந்து 360 மீட்டருக்கும் மேலான முகட்டில் இருக்கிறது. சாலை செங்குத்தாக ஏறினாலும், மேலே சென்றபின் 2.4 கிலோமீட்டர் சுற்றுப்பாதை எளிதானதே. மரங்கள் ஆற்றோரத்தவையை எட்டாவிட்டாலும், கோடையில் கடல்மூடுபனி இங்கே அடிக்கடி சூழ்ந்து நிற்கும். இலைகள் பனியைப் பிடித்து நீராக்கிச் சொட்டவிடுவதும், மழையற்ற மாதங்களில் காடு அந்த நீரால் தாக்குப்பிடிப்பதும் இங்கே கண்கூடாகத் தெரியும்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹம்போல்ட் பூங்காவுக்குக் காரில் நான்கைந்து மணிநேரம் ஆகும். ஒரே நாளில் திரும்ப வேண்டியவர்கள் மியூர் வுட்ஸுக்குச் செல்லலாம். 1908இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்துக்கு வாகன நிறுத்தத்தையோ பேருந்தையோ முன்பதிவு செய்தே ஆக வேண்டும். அங்கே கைபேசி அலைவரிசை கிடைக்காது என்பதால், சீட்டை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் பிடிக்காதவருக்கு, சான் ஹோசேயிலிருந்து எளிதில் சென்றுவரக்கூடிய ஹென்றி கவல் பூங்காவின் 1.3 கிலோமீட்டர் சமதரைச் சுற்றையே நான் சொல்வேன்.

நடக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். ஒரு கிலோமீட்டரைப் பதினைந்து நிமிடத்தில் கடந்துவிடலாம். ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். தரையில் முளைத்திருக்கும் ரெட்வுட் புளியாரை, நேர்வெயில் பட்டால் இலைகளை மடக்கிக்கொள்வதைப் பொறுமையாக நிற்பவரே காண்பார். மஞ்சள் நிற வாழைப்பழ நத்தையைக் குழந்தைகள் தேடட்டும். ஆனால் தொட வேண்டாம். வட்டமாக நிற்கும் மரக்கூட்டத்தைக் கண்டால், அவை நடுவே முன்பு நின்ற ஒரு தாய்மரத்தின் அடியிலிருந்து துளிர்த்தவை என்று அறிந்துகொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் வரை தடித்த பட்டையில் கரிந்த தழும்புகள் தெரிந்தால், அந்த மரம் பழைய தீயைத் தாங்கி நிற்கிறது.

பாதையை விட்டு ஒருபோதும் இறங்காதீர்கள். வேர்கள் மேலாக இருப்பதால், மிதித்து இறுகிய மண் மரத்துக்கு நேரடியாகத் தீங்கு செய்கிறது. உலகின் மிக உயரமான மரமாக அறியப்படும், ஏறத்தாழ 116 மீட்டர் உயரமுள்ள ஹைபீரியன் மரத்தைத் தேடிச் சென்றவர்களால் அதன் சுற்றுப்புறம் பாழாகி, 2022இல் அப்பகுதியே மூடப்பட்டது; மீறினால் அபராதமும் சிறையும் உண்டு. அதன் அடியில் நின்றாலும் உச்சி கண்ணுக்குத் தெரியாது என்பதால், அங்கே செல்வதில் பயனும் இல்லை. உணவுத் துணுக்குகளையும் சிந்தக் கூடாது. சிந்தியதைத் தேடி வரும் காக்கை இனப் பறவையான ஸ்டெல்லர் ஜே, அருகி வரும் மார்பிள்ட் மர்லெட் என்னும் கடற்பறவை உயர்ந்த கிளைகளில் இடும் முட்டைகளையும் தின்றுவிடுகிறது.

ஜூலை மாதமானாலும் காட்டுக்குள் குளிரும். மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து செல்லுங்கள். பலத்த காற்றடிக்கும் நாளில் நடையைத் தள்ளிவையுங்கள், ஏனெனில் உயரத்திலிருந்து முறிந்து விழும் கிளை உயிரைப் பறிக்கக்கூடியது. மழைக்காலத்தில் ஓடைகளின் மேலுள்ள தற்காலிகப் பாலங்களை எடுத்துவிடுவார்கள் என்பதால், புறப்படும் நாளன்று காலையில் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.