உப்புக் காற்றில் ஓடும் காரின் பிறேக்

மட்டக்களப்பு மேடு பள்ளம் இல்லாத ஊர். பிறேக் மெல்ல மெல்லக் கெட்டுப்போவது இங்கே யாருக்கும் தெரிவதில்லை. பதுளைக்குப் போய்விட்டு லுணுகலையிலிருந்து பிபிலைப் பக்கம் இறங்கும்போதுதான் தெரியவரும். அங்கே தெரிந்து என்ன பயன்?

எனக்கு அது வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலேயே தெரிந்தது. விவசாயப் போதனாசிரியராக இருந்த காலம். அறுவடை நாளொன்றில் கொக்கட்டிச்சோலையிலிருந்து பொழுதுபட வந்துகொண்டிருந்தேன். எருமையொன்று வீதியில் ஏறியது. பிறேக்கை மிதித்தேன். கார் நிற்பதற்கு முன் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு வரம்பில் ஏறியது. எருமை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் வலது முன் சில்லைக் கழற்றினேன். சில்லோடு சுற்றும் டிஸ்க் தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட்டுகளில், உட்பக்கப் பேட் இரும்புத் தகடு வரை தேய்ந்திருந்தது. வெளிப்பக்கப் பேட் புதிதுபோல இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்தான் ஒரு கராஜில் நான்கு பேட்டும் மாற்றியிருந்தேன். மாற்றியவர்கள், பேட்டுகளைப் பிடித்திருக்கும் கலிப்பர் என்ற கவ்வி வழுக்கி ஓடும் இரும்புக் கோல்களான பின்களைத் தொடவேயில்லை. அன்றிலிருந்து இந்த வேலையை நானே செய்கிறேன்.

என்னுடையது 1996ஆம் ஆண்டு டொயோட்டா கொரொல்லா. முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம், அதாவது உள்ளிருந்து ஷூக்கள் விரிந்து அழுத்தும் உருளை. இதுபோன்ற கார்களில் கலிப்பரின் ஒரு பக்கத்தில்தான் பிஸ்டன் உண்டு. பெடலை மிதித்தால் ஒயில் அழுத்தத்தில் அது உட்பக்கப் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும். அந்த அழுத்தத்தில் கலிப்பர் இரண்டு பின்களில் வழுக்கி வந்து வெளிப்பக்கப் பேட்டையும் இழுத்து அணைக்கும். அந்தப் பின்கள் இறுகினால் கலிப்பர் அசையாது. ஒரு பேட் மட்டும் வேலை செய்யும், அந்தப் பக்கம் பிடி குறையும், கார் மறுபக்கம் இழுக்கும். கல்லடிக் கடற்காற்றின் உப்பும் படுவான்கரைச் சேறும் கிரவல் தூசியும் சேர்ந்து அந்தப் பின்களை இறுக்குவதில் கெட்டிக்காரர்கள்.

எங்கள் வளவு முழுக்க மணல். வெறும் மணலில் ஜக் வைத்தால் கார் ஏறாது, ஜக்தான் இறங்கும். தடித்த பலகை போட்டு அதன்மேல் ஜக்கை வையுங்கள். சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள், அது சொல்லாமல் உடையும். இரும்பு ஸ்டாண்டுதான் வேண்டும். கழற்றிய சில்லையும் காரின் அடியில் படுக்கப் போடுவேன். கீழே ஒரு படங்கு விரித்தால் கிறீஸில் மணல் ஒட்டாது. சில்லு நட்டுகளைக் கார் நிலத்தில் நிற்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட வேண்டும்.

கலிப்பரின் கீழ் ஆணியைக் கழற்றினால் அது மேலே மடங்கித் திறக்கும். முழுதாக எடுப்பதானால் கம்பியால் சில்லுக்கு மேலுள்ள ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். ரப்பர் குழாயில் தொங்க விட்டால் குழாய் உள்ளே கிழியும். பேட்டின் தேய்மானப் பகுதி 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்றுவேன். இடம் வலம் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான், ஒரு பக்கம் மட்டும் ஒருபோதும் இல்லை. டிஸ்க்கின் மிகக் குறைந்த தடிப்பு அதன் மேலேயே பொறித்திருக்கும், அளந்து பாருங்கள்.

இனிப் பின்கள். இரண்டையும் உருவி எடுத்து, பழைய கிறீஸைத் துடைத்து, துரு இருந்தால் மெல்லிய அரத்தாளால் மினுக்குங்கள். குழி விழுந்த பின்கள் உதவாது, புதிது வாங்குங்கள். துளைக்குள்ளும் துணி விட்டுத் துடையுங்கள். பின்னை மூடும் ரப்பர் உறையைப் பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள். பூசுவது சிலிக்கோன் கிறீஸாக இருக்கட்டும். பெயாரிங்குக்குப் போடும் சாதாரணக் கிறீஸ் ரப்பரை ஊத வைக்கும். ஊதிய ரப்பர் பின்னைத் திரும்பவும் இறுக்கும். சரியாகப் பூட்டிய பின்கள் கைவிரலால் தள்ளினாலே போய்வரும். பேட்டின் காது உட்காரும் தகட்டையும் கம்பித் தூரிகையால் சுரண்டுங்கள்.

பிஸ்டனை உள்ளே தள்ளப் பழைய பேட்டை வைத்து ஜி கிளாம்பால் மெல்ல இறுக்குவேன். அப்போது மேலே பிறேக் ஒயில் பாத்திரம் நிரம்பி வழியலாம், ஒரு கண் அங்கே இருக்கட்டும். வண்ணப்பூச்சில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

பேட் பூட்டி முடித்ததும், காரை எடுக்க முன், பெடல் இறுகும்வரை பலமுறை மிதியுங்கள். முதற்தடவை நான் இதை மறந்தேன். றிவேர்ஸில் எடுத்த கார், மிதித்தும் நிற்காமல், முருங்கை மரத்தில் போய் முட்டியது. மனைவி அந்த மரத்தை இன்றும் எனக்குக் காட்டுவதுண்டு.

பின் ட்ரம் துருவில் பிடித்திருக்கும். ஹாண்ட் பிறேக்கை விட்டுவிட்டு, ட்ரம் முகத்தில் உள்ள இரண்டு மரைத் துளைகளிலும் 8 மில்லிமீற்றர் ஆணி விட்டு மாறி மாறி இறுக்கினால் தானாகக் கழன்று வரும். உள்ளே உள்ள தூளை ஊதாதீர்கள், அது நெஞ்சுக்கு ஆகாது; ஈரத் துணியால் துடையுங்கள். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரை நீக்கிப் பாருங்கள், ஒயில் நனைந்திருந்தால் முதலில் அதைத்தான் மாற்ற வேண்டும். ஷூ மாற்றும்போது ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள், மற்றப் பக்கம் உங்களுக்குப் படமாக இருக்கும். ஸ்பிரிங் தெறிக்கும், கண்ணாடி அணியுங்கள். ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் இட வல அட்ஜஸ்டர்களின் மரை எதிரெதிர் என்பதால் கலந்துவிடக் கூடாது. அட்ஜஸ்டரின் பற்சக்கரத்தைத் திருப்பி, ட்ரம்மைச் சுற்றும்போது லேசாக உரசும் சத்தம் கேட்கும் அளவில் விடுங்கள். ஹாண்ட் பிறேக் கேபிளை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும். ஷூ தேய்ந்ததை மறைக்கக் கேபிளை இழுத்துக் கட்டுவது எங்கள் ஊரில் பலருடைய வழக்கம். எனக்குப் பார்க்கவே எரிச்சல்.

மார்கழி, தை வெள்ளத்தில் ஓடிவந்தால், மெதுவாகப் போய்க்கொண்டே பெடலை லேசாக அழுத்தி உலர்த்துங்கள். மழைநாளில் பல நாள் நிறுத்துவதானால் ஹாண்ட் பிறேக் போடாதீர்கள், ஷூ ட்ரம்மில் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சில்லுக்குக் கல் வைத்தால் போதும்.

பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற தரத்து ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்கும். ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 140தான். மலையிறக்கத்தில் பெடல் திடீரென ஆழமாகப் போவது பெரும்பாலும் ஒயில் கொதித்துக் குமிழி விடுவதால். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். மனைவி பெடலில், நான் சில்லடியில். ‘அமத்து’ என்றால் அமத்திப் பிடித்திருக்க வேண்டும், பழைய ஒயிலை வெளிவிடும் நிப்பிளை நான் திறந்து மூடிய பிறகே விட வேண்டும். இடது பின் சில்லில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வருவேன். பாத்திரம் வற்றினால் காற்றுப் புகுந்து எல்லாம் முதலிலிருந்து.

அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் இதைச் செய்ய வேண்டாம். அவற்றின் பிறேக் அமைப்புக்குள் அழுத்தம் சேமித்து நிற்கும்; கணினிக் கருவி உள்ளவரிடம் விடுங்கள்.

புதிய பேட்டைப் பழக்க, விடியற்காலையில் வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் போவேன். 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை குறைப்பது, ஆறவிட்டு மீண்டும், எட்டுப் பத்துத் தடவை, முழுதாக நிறுத்துவதில்லை. பிறகு பிறேக்கைத் தொடாமல் கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்தி, நான்கு சில்லருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன், தொடாமல். ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தச் சில்லை மறுபடி கழற்றிப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒரேமாதிரி என்றால் வீட்டுக்கு வந்து, சில்லு நட்டுகளை 103 நியூட்டன் மீற்றரில் இன்னொருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவேன்.